பர்மா ராஜாக்கள்: தம்பிக்கா மகனுக்கான்னு தீராத ஒரு பங்காளிச் சண்டை

கேள்வி இதுதான்: முதல் தலைநகர் பகான்ல ஆரம்பிச்சு கடைசித் தலைநகர் மாண்டலே வரைக்கும் பர்மாவுல இத்தனை ராஜ வம்சம் வந்து போயிருக்கே, அரியணை எப்படி ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்குப் போச்சு, மூத்த பையனுக்குத்தான்னு ரூல் ஏதாவது இருந்துச்சா, லிஸ்ட்டைப் பாத்தா நெறைய பேர் கொலைலயே போயிருக்காங்களே அது ஏன்?

வெள்ளரிக்காய்ல இருந்து ஆரம்பிக்கிறேன், சிரிக்காதீங்க. பகான்ல தெய்ன்கோன்னு ஒரு ராஜா, வேட்டைக்குப் போன இடத்துல பசி தாங்காம ஒரு விவசாயியோட தோட்டத்துல பூந்து வெள்ளரிக்காயைப் பறிச்சுத் தின்னுட்டாராம். வந்தது யாருன்னு தெரியாத விவசாயி ஒரே போடு, ராஜா அங்கேயே காலி. பின்னாடியே வந்த குதிரைக்காரன் நடந்ததைப் பாத்துட்டு "ராஜாவைக் கொன்னவன் ராஜா ஆகலாம், கெளம்பு"ன்னு கூப்பிட்டா இவன் தோட்டத்தை விட்டுட்டு வர மாட்டேன்னு அடம் பிடிக்கிறான். கடைசில ராணி, ஊர்ல கலவரம் வந்துடக் கூடாதுன்னு விஷயத்தை மூடி மறைச்சு அவனையே அரண்மனைக்குள்ள சேத்துக்கிட்டாங்க. பர்மாக்காரங்க இவரை 'தௌங்தூஜி மின்', அதாவது விவசாயி ராஜான்னு சொல்லுவாங்க. கம்போடியாவுலயும் கிட்டத்தட்ட இதே கதை ஓடுது, அதனால அந்தப் பக்கம் ஊர் ஊரா சுத்துன கதைன்னுதான் எடுத்துக்கணும். ஆனா 1829ல பாஜிடோ ராஜா பண்டிதர்களை உக்கார வச்சு எழுத வச்ச அரண்மனை வரலாற்றுலயே இந்தக் கதை இருக்கு பாருங்க, அதுதான் எனக்கு முக்கியமாப் படுது. ராஜாவைக் கொன்னவன் ராஜா ஆகலாம்ங்கறதை ராஜாவோட சொந்த ஆளுங்களே கூச்சப்படாம எழுதி வச்சிருக்காங்க.

இதுக்குப் பின்னாடி ஒரு நம்பிக்கை இருக்கு. பர்மிய மொழில 'போன்'னு ஒரு சொல் (நாம அடிக்கிற போன் இல்ல), போன ஜென்மத்துப் புண்ணியத்தால வர்ற தேஜஸ், அதிகாரம்னு வச்சுக்கலாம். அரியணைல உக்காந்திருக்கறவனுக்கு அது இருக்கு, இல்லைன்னா உக்காந்திருக்கவே முடியாது, எவனாவது தூக்கி எறிஞ்சுட்டான்னா இவனோட புண்ணியம் தீந்து போச்சு அவனுக்கு இப்பதான் பழுத்துருக்குன்னு அர்த்தம். பௌத்த கர்மக் கணக்கை அரசியலுக்குக் கொண்டு வந்தா இப்படித்தான் ஆகும், ஜெயிச்சவன் பக்கம்தான் தர்மம். வாய்க்குறவரைக்கும் அவன் கலகக்காரன், வாய்ச்சுட்டா ராஜா.

எழுதி வச்ச ரூல்னு கடைசி வரைக்கும் ஒண்ணும் இல்ல. வழக்கம்னு ரெண்டு மூணு இருந்துச்சு, தொல்லை என்னன்னா அதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு இடிக்கும். பட்டத்து ராணிக்குப் பொறந்த மூத்தவனுக்குன்னு ஒரு கணக்கு, கூடவே நின்னு சண்டை போட்ட ராஜாவோட தம்பிக்குன்னு இன்னொரு கணக்கு, ராஜா யாரைக் கைகாட்டுறாரோ அவருக்குன்னு மூணாவது கணக்கு. அப்படிக் கைகாட்டுன ஆளை 'எய்ன்ஷேமின்'னு சொல்லுவாங்க, முன்வீட்டு இளவரசர்னு அர்த்தம், அரண்மனை கிழக்குப் பாத்து இருக்கும், அவருக்கு வீடு அந்த கிழக்குப் பக்கத்துல. அது போக 'தபின்டைங்'னு ஒரு இளவரசி, ராஜாவோட பொண்ணுங்கள்ல ஒருத்தியை யாருக்கும் கட்டிக் குடுக்காம அடுத்த ராஜாவுக்குன்னே வச்சிருப்பாங்க, அடுத்த ராஜா பெரும்பாலும் அவளுக்கு அப்பா ஒண்ணு அம்மா வேறயான அண்ணன் தம்பியாவே இருப்பார். நமக்குக் கேக்கவே ஒரு மாதிரி இருக்கும், அவங்க கணக்குல ரத்தம் வெளிய போகாம ரெண்டு பக்கமும் சுத்தமா இருக்கணும். இப்ப இதுல பத்து இருபது ராணி, அம்பது அறுபது புள்ளைங்கன்னு போட்டுப் பாருங்க. ஒவ்வொரு தலைமுறையிலயும் தம்பியா மகனான்னு ஒரு கேள்வி வரும், ஒவ்வொரு ராஜாவும் அதைத் தீக்கறேன்னு ஒண்ணு செய்வார், அந்தத் தீர்வே அடுத்த தலைமுறைக்கு வம்பாகும். நான் படிச்ச வரைக்கும் மொத்தக் கதையும் இதுதான்.

பகான்ல பெரிய ராஜான்னா அனவ்ரதா, 1044ல வந்தவர். இவரோட அப்பா குன்ஷாதான் அந்த விவசாயி ராஜாவுக்கு அடுத்து உக்காந்தவர், அவரை விவசாயி ராஜாவோட புள்ளைங்க புதுசா கட்டுன மடாலயத்துக்குக் கூட்டிட்டுப் போய் வலுக்கட்டாயமா சாமியாரா ஆக்கிட்டாங்க. அனவ்ரதா வளந்து வந்து அதுல ஒருத்தரான சொக்கதேயை மியின்கபாங்கற இடத்துல ஒத்தைக்கு ஒத்தை நின்னு கொன்னுட்டு, அப்பாகிட்ட போய் நீங்களே ஆளுங்கன்னு கேட்டாராம், அவரு எனக்கு வயசாச்சு மடமே போதும்னுட்டாரு. அப்புறம் 1077ல அனவ்ரதா மகன் சோலு. இந்த சோலு கதையைக் கேட்டீங்கன்னா பரிதாபமா இருக்கும். தெக்க பெகுங்கற ஊருக்கு கவர்னரா இருந்த யமன்கான் இவரோட வளப்புத்தாய் பையன், ரெண்டு பேரும் தாயம் ஆடிட்டு இருக்கும்போது யமன்கான் ஜெயிச்சுட்டுக் குதிக்க, "அவ்வளவு கெட்டிக்காரன்னா பெகுவை வச்சு எனக்கு எதிரா கலகம் பண்ணிப் பாரு"ன்னு ராஜாவே வாயைக் குடுத்துட்டாராம், அவனும் போய்ப் பண்ணிட்டான். சோலு மாட்டிக்கிட்டாரு. தளபதி கியான்சித்தா ராத்திரில எதிரி முகாமுக்குள்ள பூந்து ராஜாவைத் தோள்ல தூக்கிட்டு ஓடி வர்றாரு, வழியில சோலுவுக்கு ஒரு யோசனை, யமன்கான் நம்ம கூட வளந்தவன், நம்மளக் கொல்ல மாட்டான், இவன்தான் அரியணைக்கு ஆசைப்படறவன், தனியாக் கொண்டு போய்க் கொன்னுடுவான்னு. "கியான்சித்தா என்னைத் திருடிட்டுப் போறான்"னு கத்திட்டாரு. கியான்சித்தா அப்படியே கீழ போட்டுட்டு ஆத்துல குதிச்சுத் தப்பிச்சாரு, சோலுவை யமன்கான் கொன்னான். காப்பாத்த வந்தவனை விட கொல்ல நின்னவன் மேல நம்பிக்கை வர்ற அளவுக்கு அந்த அரியணையோட லட்சணம் இருந்துருக்கு.

1084ல கியான்சித்தா ராஜா ஆனாரு, நல்ல ராஜான்னே பேரு. இவருதான் வம்புக்கு முதல் முறையா நிதானமா ஒரு வைத்தியம் பாத்தவரு. தன் பொண்ணு ஷ்வே எய்ன்தியை செத்துப்போன சோலுவோட மகனுக்குக் கட்டி வச்சாரு, அவங்களுக்கு ஒரு பையன் பொறந்ததும் கைக்குழந்தையாவே அவனுக்குப் பட்டம் கட்டி "இனி நான் என் பேரனுக்காகத்தான் ஆளுறேன்"னு சொல்லிட்டாரு. ரெண்டு வம்சமும் ஒரே குழந்தைல சேந்துடுச்சு, அருமையான ஐடியா. ஆனா ஓடி ஒளிஞ்ச காலத்துல ஒரு கிராமத்துப் பொண்ணு தன்புலாவைக் கட்டிட்டு மோதிரம் குடுத்துட்டு வந்திருந்தாரு, அந்தம்மா பையனோட அரண்மனை வாசல்ல வந்து நின்னாங்க. சொந்த மகன் யஸகுமார், நம்ம உச்சரிப்புல ராஜகுமாரன். ஆனா பேரனுக்குப் பட்டம் கட்டியாச்சு, வாக்கை மாத்த முடியாது.

சாதாரணமா இந்த இடத்துல ஒரு கொலை விழணும். விழல. அப்பா சாகக் கிடக்கும்போது ராஜகுமாரன் ஒரு தங்க புத்தர் சிலை செஞ்சு கொண்டு வந்து காட்டி, அம்மா வழியா தனக்கு வந்த மூணு கிராமத்து அடிமைகளையும் அந்தக் கோவிலுக்கே எழுதி வச்சு, அதை ஒரு தூண்ல நாலு மொழில செதுக்கி வச்சாரு. பியூ, மொன், பர்மியம், பாலி. கிட்டத்தட்ட 1113ஆம் வருஷம், மியஸேதி கல்வெட்டுன்னு சொல்லுவாங்க. பர்மிய மொழி எழுத்துல கிடைச்ச ரொம்பப் பழைய கல்வெட்டுகள்ல இது ஒண்ணு, செத்துப்போன பியூ மொழியைப் படிக்க முடிஞ்சதே இந்தக் கல்ல வச்சுத்தான், கியான்சித்தா 28 வருஷம் ஆண்டாருன்னு உறுதியாச் சொல்ல முடியறதும் இதனாலதான். பட்டம் கிடைக்காத ஒரு மகன் வெட்டி வச்ச கல்லு. இவருக்குப் பதிலா பட்டத்துக்கு வந்தது அந்தப் பேரன் அலாங்சித்து, ஆனா ராஜகுமாரன் பேரும் இந்தக் கல்லால நின்னுடுச்சு.

அலாங்சித்து 1167 வரைக்கும் ஆண்டாரு, வயசாகி மயக்கமாக் கிடந்தவரை மகன் நரத்து அரண்மனைல இருந்து தூக்கிட்டுப் போய் ஷ்வேகுஜி கோவில்ல போட்டாரு, கிழவர் முழிச்சு நான் எங்கடா இருக்கேன்னு கோபப்பட்டதும் போர்வையாலயே அமுக்கிக் கொன்னுட்டாரு. மூத்த அண்ணன் மின் ஷின் சா படையோட வர்றாரு. நரத்து தலைமைப் பிக்கு பந்தகுகிட்ட, அண்ணன் தனியா வந்தா நானே வாளைத் தோள்ல சுமந்துட்டுப் போய் அரியணைல ஏத்தி உக்கார வைக்கிறேன்னு சத்தியம் பண்ணுனாரு, பிக்கு நம்பி அழைச்சுட்டு வந்தாரு. சத்தியம் பண்ணுன மாதிரியே வாளைச் சுமந்தாரு, உக்கார வச்சாரு, முடி சூட்டுனாரு. அன்னைக்கு ராத்திரியே சாப்பாட்டுல விஷம். பிக்கு வெறுத்துப் போய் இலங்கைக்குக் கிளம்பிட்டாரு. இந்த நரத்து பாவத்தைக் கழுவன்னு கட்டுனதுதான் தம்மயாங்ஜி, பகான்லயே பெரிய கோவில், செங்கல் இடுக்குல ஊசி நுழைஞ்சா கொத்தனாரோட கையை வெட்டிடுவாருன்னு இன்னைக்கும் கைடுங்க சொல்லுவாங்க. இவரும் நல்லபடியாச் சாகல, இவரு கொன்ன ஒரு ராணியோட அப்பா பிராமண வேஷத்துல எட்டு பேரை அனுப்பித் தீத்துட்டாருன்னு கதை, அதனால இவருக்கு 'கலாஜா மின்'னு பேரு, கலாக்காரங்க கையால விழுந்த ராஜா. (கலான்னா பர்மால இந்தியாக்காரன். பர்மால இருந்து திரும்பி வந்த குடும்பமா இருந்தா இந்த வார்த்தை வீட்ல எல்லாருக்கும் தெரியும்.) அடுத்து வந்த மகன் நரதெய்ன்கா தம்பி பொண்டாட்டி மேல ஆசைப்பட்டு தம்பியை எல்லைக்கு அனுப்ப, தம்பி நரபதிசித்து ஆள் வச்சு அண்ணனை முடிச்சுட்டு 1174ல உக்காந்தாரு.

இந்த நரபதிசித்து தனக்கு அப்புறம் இதெல்லாம் வேண்டாம்னு நினைச்சுருப்பாரு போல. அஞ்சு மகன்களையும் வட்டமா உக்கார வச்சு நடுவுல வெண்கொற்றக் குடையை நட்டு வேண்டிக்கிட்டாராம், குடை கடைசிப் பையன் பக்கம் சாஞ்சுச்சு. அதனாலதான் அவரு பேரு திலோமின்லோ, குடை விரும்புனது ராஜா விரும்புனதுன்னு பர்மியத்துல அர்த்தம் வரும். ஆராய்ச்சி பண்றவங்க அதெல்லாம் இல்லப்பா, 'திலோகமங்கல'ங்கற பாலிப் பேரு மக்கள் வாய்ல மருவி அதுக்கு ஒரு கதை கட்டுனதுன்னு சொல்றாங்க. நமக்குத் திரிலோகமங்கலம்னு சொன்னாலே பட்டுன்னு புரிஞ்சுடும்.

பகானோட கடைசிப் பெரிய ராஜா நரதிஹபதே, 1256. இவரு வந்ததே வெத்தலை எச்சிலால. மூத்த இளவரசர் திஹத்து ஒரு நாள் மந்திரி யஸதிங்யான் சட்டை மேல வெத்தலையைத் துப்பிட்டாராம், மந்திரி அந்தச் சட்டையைத் துவைக்காம பத்திரமா வச்சிருந்து, ராஜா செத்ததும் மத்த மந்திரிங்ககிட்ட எடுத்துக் காட்டி இவனையா ஏத்தப் போறீங்கன்னு கேட்டு, சின்ன ராணி மகனைக் கொண்டு வந்து உக்கார வச்சாரு. அந்தப் பையன் வந்ததும் முதல் வேலையா மந்திரியையே நாடு கடத்துனாரு, அது வேற. தினமும் 300 வகைக் கறி சாப்பிடறவன் நான்னு மிங்கலஸேதி கோவில்ல பெருமையா எழுதி வச்சவரு, அப்ப சீனாவை ஆண்ட மங்கோலியங்க படை வந்ததும் தெக்கால ஓடிட்டாரு, 'தாயோக் பியே மின்', சீனாக்காரனுக்கு ஓடுன ராஜான்னே பேரு நின்னுடுச்சு. 1287ல புரோம்ங்கற ஊர்ல சொந்த மகன், அவன் பேரும் திஹத்துதான், படையோட சுத்தி வளைச்சு விஷம் வச்ச சாப்பாட்டைக் குடுத்து சாப்பிடுன்னுட்டான். வாளால சாகறதுக்கு இது மேல்னு ராணி சொல்ல, கைல இருந்த மோதிரத்தைக் கழட்டி அவங்களுக்குக் குடுத்துட்டு, இனி நிர்வாணம் அடையற வரைக்கும் எத்தனை ஜென்மம் எடுத்தாலும் எனக்கு ஆம்பளைப் புள்ளையே பொறக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு சாப்பிட்டாராம். பத்து வருஷத்துல, 1297ல, மூணு சகோதரங்க கைக்கு அதிகாரம் போய் பகான் முடிஞ்சுது.

அதுக்கப்புறம் ஆவா ஒரு பக்கம், தெக்க பெகுவுல மொன் இனத்து ராஜாங்க இன்னொரு பக்கம்னு ஒரு இருநூறு வருஷம் ஓடுது, எல்லாத்தையும் எழுதுனா விடிஞ்சுடும். ஒண்ணே ஒண்ணு மட்டும் விட மனசு வரல. பெகுவுல பங்காளிச் சண்டைல ஆம்பளை வாரிசு எல்லாம் அடிச்சுக்கிட்டே தீந்து போய், 1454ல ஷின் சோபுங்கற அம்மா பட்டத்துக்கு வந்தாங்க. இந்த நீளமான லிஸ்ட்ல தன் பேருல ஆண்ட ஒரே பொண்ணு இவங்கதான்னு சொல்லலாம். ஷ்வேடகோன் பகோடாவுக்குத் தன் எடைக்கு எடை தங்கம் குடுத்தாங்க, நம்ம துலாபாரம் மாதிரி. இவங்க ஆவால மாட்டிட்டு இருந்தப்ப தப்பிக்க உதவுன ரெண்டு பிக்குகள்ல ஒருத்தரை அடுத்து ராஜா ஆக்கணும்னு முடிவு பண்ணி, ரெண்டு பிச்சைப் பாத்திரத்துல ஒண்ணுல சாப்பாடும் இன்னொண்ணுல ராஜ சின்னங்களோட குட்டி பொம்மைகளும் வச்சு அனுப்புனாங்களாம், தம்மஸேதி எடுத்த பாத்திரத்துல கிரீடம் இருந்துச்சு. காவி கழட்டி, ராணி பொண்ணைக் கட்டி, 1471ல ராஜா. இருபது வருஷம் நல்லா ஆண்டாரு. ராஜா வீட்டுப் பையனே இல்லாத ஆளுதான் அந்த ஊரு பாத்த நல்ல ராஜாக்கள்ல ஒருத்தர், அதையும் குறிச்சு வச்சுக்கோங்க.

டௌங்கூங்கற ஊர்ல இருந்து கிளம்புன டௌங்கூ வம்சத்துக்கு வருவோம். தபின்ஷ்வேதி 1550ல சொந்தக் காவல்காரங்க கையாலயே கொல்லப்பட்டாரு. அடுத்து வந்த பயின்னாங் அவரோட சகோதரி புருஷன், வளப்புத்தாய் மகன், பயின்னாங்னாலே ராஜாவோட அண்ணன்னுதான் அர்த்தம். வந்தாருன்னு லேசாச் சொல்லிட்டேன், தபின்ஷ்வேதி செத்த மறுநாளே ஒவ்வொரு ஊரு கவர்னரும் நான்தான் ராஜான்னு உக்காந்துட்டான், டௌங்கூவுல இவரு அப்பாவோட இன்னொரு மனைவிக்குப் பொறந்த தம்பியே கதவைச் சாத்திட்டான். ஏற்கனவே ஜெயிச்ச நாட்டை ஊர் ஊரா மறுபடி ஜெயிச்சுதான் ராஜா ஆனாரு, அப்புறம் சயாம், லாவோஸ் வரைக்கும் போய் அந்தப் பக்கத்துலயே பெரிய சாம்ராஜ்யம். ஆனா எல்லாரும் பயின்னாங்குக்குத்தான் கட்டுப்பட்டாங்க, பெகு அரியணைக்கு இல்ல. 1581ல அவரு போனாரு, மகன் நந்த பயின், மூணே வருஷத்துல ஆவாவை ஆண்ட சித்தப்பா கலகம், ரெண்டு பேரும் யானை மேல ஏறி நேருக்கு நேர் மோதுனாங்க, அதே வருஷம் சயாம் கழண்டுக்கிச்சு, 1599ல பெகுவே எரிஞ்சு போச்சு.

இந்த அனுபவத்துல இருந்து பாடம் கத்துக்கிட்டது பின்னாடி வந்தவங்கதான். 1628ல அனவுக்பெத்லுன் ராஜாவை மகன் மின்யெதெய்ப்பா கொன்னாரு (அந்தப்புரத்துல ஒரு பொண்ணு விவகாரம், அப்பா கண்டுபிடிச்சுட்டாரு), அதுக்கு அடுத்த வருஷம் செத்தவரோட தம்பி தாலுன் வந்து அந்த மகனுக்கு மரண தண்டனை குடுத்துட்டு உக்காந்தாரு. தாலுன் செஞ்ச காரியம் சத்தமில்லாம பெரிய காரியம். அது வரைக்கும் ராஜா வீட்டுப் பையன் தம்பிங்களுக்கு ஊரைப் பிரிச்சுக் குடுத்து அங்கேயே போய் ஆளச் சொல்லுவாங்க, அவனுக்குன்னு படை, கஜானா, அப்புறம் கலகம் பண்ணாம என்ன பண்ணுவான்? இனி ஊரு வருமானத்தை மட்டும் தின்னுக்கோ, ஆனா தலைநகர்ல என் கண்ணு முன்னாடி இருன்னு ஆக்குனாங்க, ஊருக்கு ராஜா நியமிச்ச கவர்னர். 1638ல மக்கள்தொகைக் கணக்கெல்லாம் எடுத்துருக்காரு. பலன் என்னன்னா நாடு உடையறது கொறஞ்சு போச்சு. சண்டை மட்டும் நிக்கல, எல்லா இளவரசனையும் ஒரே அரண்மனைக்குள்ள அடைச்சாச்சு இல்லையா, சண்டையும் அதுக்குள்ளயே வந்துடுச்சு. 1661ல பிண்டலே ராஜாவை அவரு தம்பி பியே எறக்கி, கொஞ்ச நாள் கழிச்சு குடும்பத்தோட ஆத்துல முக்கிக் கொன்னாரு. பர்மா இளவரசங்களுக்கு மிண்டோன், தராவதி, தீபோன்னு எல்லாம் ஊர்ப் பேராவே இருக்கே ஏன்னு பல பேர் கேப்பாங்க, காரணம் இதுதான், எந்த ஊரு வருமானம் உனக்கோ அந்த ஊரு பேரு உனக்கு.

1752ல டௌங்கூ வம்சம் மொன் படைகிட்ட விழுந்தப்ப மோக்ஸோபோங்கற ஊரோட தலைவர் ஒருத்தர் அடி பணிய மாட்டேன்னு வேலி கட்டி நின்னாரு, அவருதான் அலாங்பயா, கோன்பாங் வம்சத்தைத் தொடங்குனவரு. எட்டே வருஷத்துல மொத்த நாட்டையும் பிடிச்சுட்டு 1760ல சயாம் தலைநகர் அயுத்தயா முற்றுகைல இருந்து திரும்புற வழியில செத்துப் போனாரு. சாகும்போது ஒரு உயில்: பட்டத்து ராணிக்குப் பொறந்த என் மகன்கள் வயசு வரிசைல ஒருத்தனுக்கு அப்புறம் ஒருத்தன் ஆளணும். பாக்க எவ்வளவு நியாயமா இருக்கு? எனக்கு என்னவோ மொத்த வரலாத்துலயும் இதை விட ஆபத்தான நல்லெண்ணம் இல்லைன்னு தோணும். ஆறு மகன்னா ஆறு பேருக்கும் புள்ளைங்க இருக்கும்ல, கடைசித் தம்பி வரைக்கும் போனப்புறம் யாரு? அது போக எந்த ராஜா தன் மகனை விட்டுட்டுத் தம்பிக்கு முழு மனசோட விட்டுக் குடுப்பாரு?

மூத்தவர் நாங்டோஜி மூணு வருஷம், அதுலயே தளபதி ஒருத்தர் கலகம், டௌங்கூவுல சித்தப்பா கலகம். ரெண்டாமவர் ஷின்பியூஷின், 1767ல அயுத்தயாவை அழிச்சவரு, சீனப் படையெடுப்பைத் திருப்பி அனுப்புனவரு, பலசாலி. 1776ல சாகும்போது அப்பா உயிலை ஓரமா வச்சுட்டு மகன் சிங்குவுக்குக் குடுத்துட்டாரு. சிங்கு வந்ததும் முறைப்படி அடுத்து வரவேண்டிய சித்தப்பா அமியின் இளவரசரைக் கொன்னாரு. 1782 பிப்ரவரில சிங்கு கோவிலுக்குப் போயிருந்த நேரம் பாத்து நாங்டோஜி மகன் மாங் மாங் அரண்மனையைப் பிடிச்சாரு, தாத்தா உயில் படி இதெல்லாம் எங்க அப்பா வழிக்குன்னு. ஏழு நாள். ஏழாவது நாள் இன்னொரு சித்தப்பா போதவ்பயா உள்ள பூந்து, உயில் படி என் முறைதான்னு மாங் மாங்கைக் கொன்னு, சிங்குவையும் குடும்பத்தையும் கொன்னாரு. உயிலைச் சொல்லி வந்த அதே போதவ்பயா உக்காந்ததும் தன் மகனை எய்ன்ஷேமின் ஆக்குனாரு பாருங்க, தம்பிங்களுக்குக் குடுக்கல. பங்காளிக்குச் சட்டம் பேசறது எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான்.

அந்த மகன் 1808ல அப்பாவுக்கு முன்னாடியே செத்துட்டதால பேரன் பாஜிடோ எய்ன்ஷேமின், 1819ல ராஜா. இவரு காலத்துலதான் 1824ல முதல் ஆங்கிலப் போர், மெட்ராஸ் சிப்பாய்ங்க நெறைய பேர் கப்பல் ஏறிப் போய் அந்த சதுப்புலயும் காய்ச்சல்லயும் செத்துருக்காங்க. 1826 யாண்டபோ ஒப்பந்தத்துல அரக்கான், தெனாசரிம்னு ரெண்டு கடலோரப் பகுதியும் போச்சு, பத்து லட்சம் பவுன் அபராதம் வேற. பாஜிடோ மனசு உடைஞ்சு மூலைல உக்காந்துட, அதிகாரம் பட்டத்து ராணி மே நு கைக்கும் அவங்க அண்ணன் கைக்கும் போச்சு. ராஜாவோட தம்பி தராவதி 1837ல கலகம் பண்ணி அண்ணனை எறக்குனாரு. அண்ணனை விட்டு வச்சாரு, ஆனா அண்ணன் மகனும் பட்டத்து இளவரசருமான செட்ஜாவைக் கொன்னாரு, அப்புறம் மே நுவையும் அவங்க அண்ணனையும் கொன்னாரு. மே நு பொண்ணு ஒருத்தி பொழச்சு நின்னா. இந்தப் பொண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க, மறுபடி வருவா.

(செட்ஜா சாகல, திரும்பி வருவாருன்னு மக்கள் ரொம்ப காலம் நம்புனாங்க. இப்படி வரப்போற ராஜாவை 'மின்லாங்'னு சொல்லுவாங்க, 1930ல வெள்ளைக்காரனை எதிர்த்து விவசாயிங்களைத் திரட்டுன சயா சான் கூட முடி சூட்டிட்டுதான் ஆரம்பிச்சாரு.)

தராவதிக்கு அப்புறம் மகன் பகான் மின், 1852ல இரண்டாம் போர், கீழ் பர்மா முழுக்கப் போச்சு. அவரோட அப்பா ஒண்ணு அம்மா வேறயான தம்பிங்க மிண்டோனும் கனாங்கும் கலகம் பண்ணி 1853ல மிண்டோன் ராஜா. மிண்டோன் நல்ல மனுஷன்யா, எறக்கி விட்ட பகான் மின்னைக் கொல்லாம வீடு குடுத்து வச்சுக்கிட்டாரு, அவரு மிண்டோனுக்கு அப்புறமும் உயிரோட இருந்து 1880லதான் செத்தாரு. கூட நின்ன தம்பி கனாங்கை எய்ன்ஷேமின் ஆக்குனாரு. கனாங் துப்பாக்கித் தொழிற்சாலை, நீராவிக் கப்பல்னு ஓடி ஓடி வேலை பாத்தவரு. வந்துச்சா மறுபடி அதே கேள்வி? மிண்டோனுக்கு வளந்த மகன்கள் இருக்காங்களே. 1866 ஆகஸ்ட் 2, மியிங்குன், மியிங்கோன்டைங்னு ரெண்டு மகன்கள் ஆயுதத்தோட உள்ள பூந்து சித்தப்பா கனாங்கை வெட்டிக் கொன்னாங்க, மிண்டோன் மயிரிழைல தப்பிச்சாரு. உடனே கனாங் மகன் ஒருத்தர் அப்பாவுக்காகக் கலகம் பண்ண, மிண்டோன் அவருக்கு மரண தண்டனை குடுக்க வேண்டியதாப் போச்சு. மியிங்குன் பிரிட்டிஷ் பகுதிக்கு ஓடி, அவங்க காவல்ல இந்தியால இருந்து, அங்க இருந்தும் தப்பிச்சு நம்ம பாண்டிச்சேரிக்கு வந்து பிரெஞ்சுக்காரன் பாதுகாப்புல கொஞ்ச காலம் இருந்தாரு, அப்புறம் சைகோன். கடைசி வரைக்கும் அரியணைக் கனவுதான்.

இந்த அடிக்கு அப்புறம் மிண்டோன் ஒரு முடிவு எடுத்தாரு, இனி யாரையும் எய்ன்ஷேமின்னு சொல்ல மாட்டேன், சொன்னா அவனைக் கொன்னுடுவாங்க. தகப்பனா யோசிச்சா சரி. ராஜாவா யோசிச்சா 1878ல அவரு படுத்தப்ப இதுதான் எல்லாத்தையும் முடிச்சு வச்சது. அப்ப அரண்மனைல பெரிய கை ஷின்பியூமஷின் ராணி. இவங்கதான் நான் ஞாபகம் வச்சுக்கச் சொன்ன அந்தப் பொண்ணு, மே நுவோட மகள், தன் அம்மாவைக் கொன்ன தராவதியோட மகனுக்கே வாழ்க்கைப்பட்டவங்க. அவங்களுக்கு ஆம்பளைப் புள்ளை இல்ல, மூணு பொண்ணுங்க. ராஜா பாக்கணும்கறாருன்னு பொய் சொல்லி இளவரசங்களை வரவழைச்சு சிறை வச்சாங்க, ஞாங்யான், ஞாங் ஓக்னு ரெண்டு பேர் மட்டும் சந்தேகப்பட்டு வேஷம் மாத்தி பிரிட்டிஷ் ரெசிடென்சிக்குள்ள, அதாவது பிரிட்டிஷ் பிரதிநிதியோட மாளிகைக்குள்ள ஓடிட்டாங்க. தாய்மாருங்க கதறி மிண்டோன் காதுக்கு விஷயம் போக, சாகக் கிடந்த மனுஷன் விடுதலை பண்ணச் சொல்லி, மூணு மகன்களுக்கு நாட்டைப் பிரிச்சுக் குடுத்து உடனே கிளம்பிப் போயிடுங்கன்னு அனுப்புனாரு. அறையை விட்டு வெளிய வந்ததும் மறுபடி கைது.

மந்திரி கின்வுன் மின்ஜி லண்டன் போய்ப் பாத்துட்டு வந்தவரு, ராஜா பொம்மையா இருந்தா மந்திரிசபை ஆளலாம்னு அவரு கணக்கு, ராணிக்கு மருமகன் சொன்ன பேச்சு கேக்கணும்னு அவங்க கணக்கு, ரெண்டு கணக்குக்கும் பொருந்துன சாது பையன் தீபோ, மடத்துல படிச்சுட்டு இருந்தவரு, இருபதைத் தாண்டுல. ராணியோட நடுப் பொண்ணு சுபயாலத் அவரைக் கட்டி, மந்திரி கணக்கையும் அம்மா கணக்கையும் சேத்துக் கவுத்தாங்க. 1879 பிப்ரவரில சிறைல இருந்த ராஜ குடும்பத்து ஆளுங்க கிட்டத்தட்ட எண்பது பேர், பொம்பளைங்க குழந்தைங்க உட்பட, கொல்லப்பட்டாங்க. ராஜ ரத்தம் மண்ணுல சிந்தக் கூடாதுன்னு வெல்வெட் சாக்குல போட்டு அடிச்சுக் கொல்ற முறை. உலகமே அலறுச்சு, தந்தி இருக்கற காலமாச்சே. மூத்த ராஜாக்கள் சின்ன அளவுல செஞ்சதைத்தான் இவங்க மொத்தமா செஞ்சாங்க, ஆனா லண்டன்ல காரணம் தேடிக்கிட்டு ஒருத்தன் உக்காந்திருந்தான். 1885 நவம்பர்ல பிரிட்டிஷ்காரங்க கப்பல்ல வந்தாங்க, ரெண்டு வாரம்தான், 29ஆம் தேதி தீபோ சரண். 1886 ஜனவரி 1ல நாடே பிரிட்டிஷ் இந்தியாவோட சேந்துடுச்சு. எதிர்த்து நிக்கப் பேருக்குக் கூட ஒரு இளவரசனைத் தேடுனா பெரும்பாலானவங்க ஏற்கனவே சாக்குக்குள்ள போயாச்சு.

தீபோவையும் சுபயாலத்தையும் முதல்ல கொண்டு வந்தது மெட்ராஸுக்குத்தான், நாலஞ்சு மாசம் இங்கதான் வச்சிருந்தாங்க, மூணாவது பொண்ணு இங்கதான் பொறந்துச்சு. ஒரு பையன் பொறந்து ஏற்கனவே செத்துட்டான், மிஞ்சுனது நாலும் பொண்ணுங்க. அப்புறம் ரத்னகிரி, முப்பது வருஷம், 1916ல அங்கேயே செத்துட்டாரு. சுபயாலத் 1919ல ரங்கூனுக்குத் திரும்பி 1925ல போனாங்க. நாலாவது பொண்ணோட மகன் தா பயா 2019 வரைக்கும் பியின் ஊ ல்வின்ல இருந்தாரு, தீபோ பேரன்கள்ல கடைசியா இருந்தவர் அவருதான், அந்த அரியணைக்கு அவரோட யாரும் சண்டைக்கு வரல.